காவிரி டெல்டாவில் தீவனம் அறுக்கவும் காய வைக்கவும் கட்டவும் மெஷின்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் எந்தச் சாலையில் போனாலும் வயலில் உருளை உருளையாக வைக்கோல் கட்டு கிடப்பதைப் பார்க்கலாம். வைக்கோல் போர் போட ஆள் தேடிய காலம் போய், வைக்கோலைக் கட்டும் மெஷினான பேலருக்கு வரிசையில் நிற்கிற காலம் வந்துவிட்டது. கூடவே கேள்விகளும் வந்துவிட்டன. "வெளிநாட்டு வீடியோவில் புல்லை நசுக்கிக்கொண்டே அறுக்கிறானே, அது நமக்கு ஆகுமா?" என்பதில் தொடங்கி, "கட்டு சுடுகிறதே, என்ன செய்வது?" என்பது வரை. திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில்.

நம்மிடம் இருப்பது வைக்கோல்தானே, புல் காய வைக்கும் மெஷின்களைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

வைக்கோல் மட்டும் இல்லை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் புதாற்று (கல்லணைக் கால்வாய்) பாசன மணற்பாங்கு நிலத்தில் கடலைக்கொடி இருக்கிறது. தை, மாசிக்குப் பிறகு எங்கும் உளுந்தங்கொடி, பயற்றங்கொடி. மாடு வைத்திருப்பவர்கள் கோ எஃப்.எஸ். 29 தீவனச்சோளமும் கம்பு நேப்பியர் புல்லும் போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் அறுத்த பிறகு நடக்கிற வேலை ஒன்றுதான்: பச்சையில் இருக்கும் தண்ணீரை, சத்து போகாமல், பூஞ்சணம் பிடிக்காமல் வெளியே அனுப்புவது.

அந்தத் தண்ணீர் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். அறுக்கும்போது தீவனச்சோளத்தில் 80 சதவீதம் ஈரம் என்று வையுங்கள். அடுக்கி வைக்க 15 சதவீதத்துக்கு வர வேண்டும். ஒரு டன் காய்ந்த தீவனம் கிடைக்க நாலேகால் டன் பச்சை அறுக்க வேண்டும். மிச்சம் மூன்றேகால் டன்னும் வயலிலேயே ஆவியாகிப் போகிற தண்ணீர். அதை எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறோம் என்பதற்காகத்தான் இத்தனை மெஷின்கள்.

என்னென்ன மெஷின்கள் இருக்கின்றன?

வேலையின் வரிசையிலேயே சொல்கிறேன். அறுப்பதற்கு மோவர். தண்டை நசுக்க கண்டிஷனர். பெரும்பாலும் மோவரோடு சேர்ந்தே வரும். அறுத்துக் கிடப்பதை உதறிப் பரப்ப டெட்டர். காய்ந்ததை வரிசையாக வார ரேக். வரிசையை அள்ளிக் கட்ட பேலர். நெல்லில் முதல் வேலையை, அறுத்துக் கதிரடிக்கும் கம்பைன் முடித்துவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது உதறுவதும் வாருவதும் கட்டுவதும்.

இதில் டெல்டாவில் பலரும் செய்வது கடைசி வேலையை மட்டும்தான். கம்பைன் போனதும் பேலரைக் கூப்பிடுகிறார்கள். நடுவில் இருக்கிற இரண்டையும் விட்டுவிடுவதால்தான் பாதிக் கட்டு கறுத்துப்போகிறது.

கட்டர் பார், டிரம், டிஸ்க் என்று மூன்று வகை மோவர் சொல்கிறார்களே, எது நல்லது?

கட்டர் பார் என்பது கத்தரிக்கோல் மாதிரி முன்னும் பின்னும் ஓடும் பல் கத்தி. அதிக ஹெச்.பி. கேட்காது, சுத்தமாக நறுக்கும். ஆனால் சாய்ந்த பயிரிலும் கூளம் அடைத்த இடத்திலும் சிக்கிக்கொள்ளும். டிரம், டிஸ்க் இரண்டும் சுழன்று வெட்டுபவை. சாய்ந்ததையும் வெட்டும், வேகமாகவும் போகும், அதற்கேற்ற டிராக்டர் வேண்டும். கல், கம்பி கிடந்தால் துப்பாக்கிக் குண்டாகத் தெறிக்கும்.

ஒரு ஏக்கருக்குக் கீழே தீவனம் போட்டிருப்பவர்களுக்கு இவை எதுவும் வேண்டாம். தோளில் மாட்டும் பிரஷ் கட்டரோ, கையால் தள்ளும் சின்ன ரீப்பரோ போதும். மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலத்தில் டிஸ்க் மோவரை இறக்கினால் அறுக்கிற நேரத்தைவிடத் திருப்புகிற நேரம்தான் அதிகம்.

கண்டிஷனர் தண்டை நசுக்கினால் எப்படிச் சீக்கிரம் காயும்?

அறுத்த செடியில் இலை முந்திக் காயும், தண்டு பிந்திக் காயும். இலை மெல்லியது, அதில் மூச்சுத் துளைகள் ஏராளம். தண்டின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. அதனால் இலை நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருக்கும்போதும் தண்டைக் கிள்ளினால் ஈரம் கசியும். தண்டு காயட்டும் என்று காத்திருந்தால் இலை உதிர்ந்துவிடும். சத்தில் பெரும்பகுதி இலையில்தான் இருக்கிறது.

கண்டிஷனர் இந்த இடைவெளியைக் குறைக்கிறது. இரண்டு உருளைகளுக்கு நடுவே பயிரை விட்டு, தண்டை அங்கங்கே முறித்து, நசுக்கி, மேற்பூச்சைக் கிழிக்கிறது. தண்ணீர் வெளியேற நிறைய வாசல் திறந்துவிடுகிறது. தண்டு இலையோடு ஏறக்குறைய ஒரே வேகத்தில் காயும். இதில் இரண்டு வகை. ரப்பர் உருளை பயறு வகைகளுக்கு; இலையை அதிகம் உதிர்க்காது. விரல் மாதிரி நீட்டிக்கொண்டு சுழலும் கம்பிகள் புல் வகைகளுக்கு. உரசி மெழுகைச் சுரண்டும். பயறு வகைத் தீவனமான குதிரை மசாலைக் கம்பி வகையில் விட்டால் இலை பாதி வயலிலேயே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு, மெஷின் விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்ல மாட்டார்கள். அறுத்தவுடன் முதல் சில மணி நேரம் இலையின் மூச்சுத் துளைகள் திறந்திருக்கும். வெளிச்சம் பட்டால் அதன் வழியாகவே ஈரம் தாராளமாகப் போகும். அந்த நேரத்தில் நசுக்கலைவிட முக்கியம், பயிர் அகலமாகப் பரவிக் கிடப்பது. நசுக்கிவிட்டு ஒரே வரிசையாகக் குவித்துப் போட்டால் பாதிப் பலன் போச்சு. அறுத்த அகலத்தில் முக்கால் பங்காவது தரையை மூடிக் கிடக்க வேண்டும்.

அப்படியானால் டெல்டாவுக்கு மோவர் கண்டிஷனர் வாங்கலாமா?

என் கருத்து: வேண்டாம். பெரிய பால் பண்ணை வைத்து, இருபது முப்பது ஏக்கரில் தீவனச்சோளமும் பயறு வகையும் உலர்தீவனத்துக்கென்றே போடுகிறவர்கள் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு அந்தப் பணம் வீண். இது வெயில் கம்மியான, மழை எப்போது வரும் என்று தெரியாத குளிர் நாடுகளில் பிறந்த மெஷின். அங்கே இரண்டு நாள் வெயில் கிடைத்தால் அதற்குள் முடித்தாக வேண்டும். நம்மிடம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. நம் பிரச்சினை கீழே இருந்து வருகிற ஈரமும் மேலே இருந்து இறங்குகிற பனியும். இரண்டையும் கண்டிஷனர் ஒன்றும் செய்யாது. வைக்கோலுக்கோ அது தேவையே இல்லை. கம்பைனின் கதிரடிக்கும் உருளையில் அடிபட்டு வரும்போதே தாள் நசுங்கித்தான் வருகிறது.

வெயில் கொளுத்தும்போதும் வைக்கோல் ஏன் காய மாட்டேன் என்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

கம்பைன் அறுக்கும்போது நெல்மணியில் ஈரம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதே நேரம் தாளில் 60 சதவீதம்கூட இருக்கலாம். கதிர் பழுத்திருப்பதைப் பார்த்து வைக்கோலும் காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். சி.ஆர். 1009 போன்ற நீண்ட நாள் ரகத்தில் கதிர் பழுத்த பிறகும் அடித்தாள் பச்சையாகவே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது, கம்பைன் அந்தத் தாளைத் தனக்குப் பின்னால் ஒரே வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. ஆறடி அகலத்தில் அறுத்ததை மூன்றடி அகலத்துக்குள் போடுகிறது. மேலே நாலு விரல் கனம் பொன்னிறமாகக் காய்ந்திருக்கும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக, கசகசவென்று இருக்கும். இன்னும் கீழே விட்டால் விரல் நுனியில் சேறு ஒட்டும்.

மூன்றாவது, தரை. டெல்டாவின் களிமண் வயல் தண்ணீர் வடிந்த பிறகும் நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பகலில் தரை சூடேறும்போது அந்த ஈரம் மேலே கிளம்பி வரிசையின் அடியில் தங்கும். நீங்கள் மேலே காய வைக்கிறீர்கள், தரை கீழே நனைக்கிறது.

நான்காவது, பனி. மார்கழி, தையில் ராத்திரி இறங்கும் பனி காலை ஒன்பது, பத்து மணி வரைக்கும் வைக்கோலை விடாது. முதல் நாள் சாயங்காலம் காய்ந்திருந்த மேல்தாள் மறுநாள் காலையில் திரும்பவும் ஈரம். ஆக, காய்வதற்குக் கிடைப்பது முழுப் பகல் இல்லை. பத்தரை மணியிலிருந்து நாலு, நாலரை வரைதான். பேலர்காரர் காலை ஏழு மணிக்கே வந்து நின்றால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

இந்த நாலுக்கும் மருந்து ஒன்றுதான்: வரிசையைக் கலைத்துப் பரப்புவது, பிறகு புரட்டுவது.

டெட்டர் வேண்டுமா, ரேக் வேண்டுமா?

டெட்டர் சுழலும் விரல்களால் வைக்கோலை அள்ளி உதறி அகலமாகப் பரப்பும். ரேக் பரப்பியதை வாரி வரிசையாக்கும். வாரும்போதே அடிப்பக்கத்தை மேலே புரட்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ரேக் வாங்குங்கள். பரப்புவதைக் கவைக்கோலால்கூட நாலு பேர் செய்துவிடலாம், புரட்டி வாருவதுதான் ஆளைக் கொல்கிற வேலை. சுழல் ரேக்கில் சில வகை, அமைப்பை மாற்றினால் உதறவும் செய்யும். அப்படிக் கிடைத்தால் இன்னும் நல்லது.

ரேக்கிலும் இரண்டு. விரல் சக்கர ரேக் தரையில் உருண்டே சுழலும், பி.டி.ஓ. (டிராக்டர் இஞ்சினின் சுழற்சியை மெஷினுக்குக் கொடுக்கும் தண்டு) வேண்டாம், விலை குறைவு, பழுதும் குறைவு. ஆனால் தரையைத் தொட்டுக்கொண்டே போவதால் மண்ணையும் பழைய தாளையும் சேர்த்து வாரும். சுழல் ரேக் பி.டி.ஓ.வில் ஓடும், விரலின் உயரத்தைச் சரிசெய்யலாம், வைக்கோல் சுத்தமாக வரும். சுழல் ரேக்கில் விரல் நுனி தரையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே நிற்கட்டும். நாலு தாள் விட்டுப்போனால் போகட்டும். மண் கலந்த வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கும், காளான் போடுகிறவர் வாங்கவே மாட்டார்.

உதற வேண்டியது ஈரமாக இருக்கும்போது, பனி காய்ந்த கையோடு. கடைசியாக வார வேண்டியது கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால். பயறு வகைக் கொடியானால் நன்றாகக் காய்ந்த பிறகு உதறவே கூடாது.

கம்பைன் டிரைவரிடம் முன்கூட்டியே என்ன சொல்ல வேண்டும்?

இரண்டு விஷயம். வைக்கோல் வேண்டும் என்றால் தாளைத் துண்டாக்கும் சாப்பர் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். துண்டானது பேலரில் நிற்காமல் உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, அறுக்கிற உயரம். டிரைவர் உயரத் தூக்கி அறுத்து வேகமாக முடிக்கப் பார்ப்பார். மெஷினுக்கும் அது நல்லது, மணிக் கணக்கில் வாடகை என்பதால் உங்களுக்கும் மிச்சம். ஆனால் வைக்கோலில் பாதி அடித்தாளாக வயலில் நின்றுவிடும். அதற்காக ஒட்ட அறுக்கச் சொல்வதும் தப்பு. வைக்கோல் நேராகச் சேற்றில் கிடக்கும். அரை அடி தாள் விட்டு அறுத்தால் அந்தத் தாளே பரணாக நின்று வைக்கோலைத் தாங்கும், அடியில் காற்று போகும். சேறாக இருக்கும் வயலில் இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொல்லலாம். வைக்கோல் குறைந்தாலும் கிடைப்பது சுத்தமாகக் கிடைக்கும்.

நெல் தரிசில் உளுந்து தெளித்திருக்கிறேன். பேலர் விடலாமா?

டெல்டாவுக்கே உரிய சங்கடம் இது. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளிக்கிறோம். கம்பைன் இறங்கும்போது உளுந்து முளைத்திருக்கும். செயின் ஓடிய தடத்தில் கொஞ்சம் போகும், அது தெரிந்ததே. வைக்கோல் வரிசை விழுந்த இடத்தில் வெளிச்சம் இல்லாமல் நாலைந்து நாளில் முளை வெளுத்து நீண்டு, பிறகு அழுகிவிடும். சரி, காயட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. காயாமல் கட்டவும் முடியாது. ரேக், பேலர் என்று இரண்டு மூன்று முறை டிராக்டர் ஏறினால் உளுந்தும் போச்சு, தரையும் இறுகிப் போச்சு. தரிசு உளுந்துக்கு மிச்ச ஈரம்தான் உயிர். இறுகிய தரையில் வேர் அந்த ஈரத்தைத் தேடிப் போகாது.

செய்யக்கூடியது மூன்று. ஆள் கிடைத்தால் மறுநாளே வைக்கோலை அள்ளி வரப்பிலும் சாலையோரத்திலும் போட்டுக் காய வைத்து, அங்கேயே வரிசை போட்டு பேலரை ஓட்டலாம். செலவு கூடும், உளுந்து பிழைக்கும். ஆள் இல்லை, தரை காலை வைத்தால் பதியாத அளவுக்கு இறுகியிருக்கிறது என்றால், ரேக் போடாமல் கம்பைன் வரிசையிலேயே பேலரை விடலாம். டிராக்டர் டயர் கம்பைன் செயின் தடத்திலேயே ஓடும்படி டிரைவரிடம் கறாராகச் சொல்லுங்கள். அந்தத் தடத்தில் உளுந்து ஏற்கெனவே போயிருக்கும், புதிதாக நஷ்டம் இல்லை. குறுக்கே வெட்டித் திரும்பவே கூடாது, வயல் கோடியில்தான் திரும்ப வேண்டும். மூன்றாவது, வைக்கோலை மறந்துவிட்டு சாப்பர் போட்டு மெல்லிசாகப் பரப்பச் சொல்வது. அந்த மூடாக்கு தரை ஈரத்தைக் காக்கும்.

எது லாபம் என்பது அந்த வருஷ உளுந்து விலையையும் வைக்கோல் விலையையும் பொறுத்தது. வீட்டில் மாடு இல்லாதவர் மூன்றாவது வழிக்குப் போவதில் தவறே இல்லை.

கடலைக்கொடியை எப்படிக் காய வைப்பது?

மெஷின் இல்லாமல். இதில் விலையே இலைக்குத்தான். காய் ஆய்ந்த கொடியை மெல்லிசாகப் பரப்பி, வாடியதும் சின்னச் சின்னக் குவியலாக்கி, நிழலும் காற்றும் பட மீதியைக் காய விடுங்கள். உச்சி வெயிலில் கிடந்து மொறுமொறுவென்று ஆகிவிட்டால் பகலில் தொடாதீர்கள். மறுநாள் விடிகாலை லேசான பனியில் இலை துவண்டிருக்கும், அப்போது அள்ளிச் சேருங்கள். ஒரு கொத்தை எடுத்து உதறினால் இலை உதிரக்கூடாது, தண்டை வளைத்தால் ஒடிய வேண்டும், அதுதான் பதம். பேலரில் விட்டே ஆக வேண்டும் என்பவர்களும் அந்தக் காலை நேரத்தையே பிடிக்க வேண்டும். வைக்கோலுக்கு ஆகாத நேரம் இதற்கு நல்ல நேரம். ஆனால் பனி மேலோட்டமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது.

தீவனச்சோளத்தையும் நேப்பியரையும் காய வைக்கலாமா?

சோளத்தைக் காய வைக்கலாம். கோ எஃப்.எஸ். 29 ரகத்தை விதைத்து 65 நாளில் முதல் அறுப்பும், பிறகு 50 நாளுக்கு ஒருமுறையும் அறுக்கிறோம். தண்டு மெல்லிசாக இருக்கும்போது அறுத்தால் சீக்கிரம் காயும். தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் மாட்டைக் கொல்லும் சயனைடு விஷம் இருக்கும், பச்சையாகப் போடாதீர்கள். நன்றாகக் காய வைத்தால் அந்த விஷம் பெருமளவு குறையும்.

நேப்பியர் வேறு. தண்டு கரும்பு மாதிரி. நம் பனியில் அது காய்வதற்குள் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். பச்சையாகப் போடுங்கள், மிஞ்சினால் ஊறுகாய்ப் புல்லாக்குங்கள். அதற்கு 65 சதவீத ஈரம் வரை வாடினால் போதும். அரை நாள் வெயிலில் போட்டு, நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து மூடிவிடலாம்.

கட்டுகிற பதம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழக்கப்பட்டவர்கள் ஒரு கைப்பிடி எடுத்துக் கயிறு மாதிரி முறுக்கிப் பார்ப்பார்கள். முறுக்கும்போது சடசடவென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. பிரி திரிக்க வருகிற மாதிரி வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம். எடுக்கும் கைப்பிடி வரிசையின் அடியிலிருந்து வர வேண்டும், இது முக்கியம். மேலிருந்து எடுத்தால் எல்லா வயலும் காய்ந்துதான் இருக்கும்.

உப்பு வைத்தும் பார்க்கலாம். காய்ந்த தூள் உப்பைக் கொஞ்சம் ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, துண்டு துண்டாக வெட்டிய வைக்கோலையும் போட்டு, இறுக மூடி நன்றாகக் குலுக்கிக் கொஞ்ச நேரம் வையுங்கள். உப்பு உதிரியாகவே இருந்தால் ஈரம் 15 சதவீதத்தை ஒட்டியோ கீழேயோ இருக்கிறது. கட்டி தட்டினால் பொறுங்கள்.

துல்லியமாக வேண்டும் என்றால் மைக்ரோவேவ் அடுப்பு. 100 கிராம் எடை போட்டு, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து, ஒரு நிமிடம், அரை நிமிடம் என்று ஓட்டி, எடை குறைவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப எடை போடுங்கள். 82 கிராமில் நின்றால் ஈரம் 18 சதவீதம். வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

தளர்வான சின்னக் கட்டுக்கு 18 சதவீதம் வரை தாங்கும். இறுக்கமான கட்டோ, உயரமாக அடுக்குவதோ என்றால் 15-க்கு வரட்டும்.

ஈரத்தோடு கட்டிவிட்டேன். கட்டு சுடுகிறது. என்ன செய்ய?

உடனே அடுக்கைக் கலைத்து, ஒவ்வொன்றாகக் காற்றில் தள்ளித் தள்ளி வையுங்கள். ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகி வெப்பம் உண்டாகிறது. நடுவில் இருக்கும் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். முதலில் பூஞ்சணம், பிறகு புளித்த வாடை, பழுப்பு நிறம். கடைசியில் தானாகவே தீப்பிடிக்கும்.

பெரிய போரானால் ஒரு இரும்புக் கம்பியை நடுவரை செருகிக் கால் மணி நேரம் விட்டு உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் நீங்களாகக் கலைக்காதீர்கள். 65 டிகிரி செல்சியஸைத் தாண்டிய போரைப் பிரித்தால் உள்ளே காற்று புகுந்து குபீரென்று பற்றும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும்.

பூஞ்சணம் பிடித்ததை "உதறிப் போட்டால் மாடு தின்றுவிடும்" என்பார்கள். தின்னும். சினை மாட்டுக்கும் கறவைக்கும் போடாதீர்கள். சினை கலையலாம், பூஞ்சண நச்சு பாலிலும் வரும். எருக்குழிக்கு அனுப்புங்கள்.

குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொள்கிறது. வைக்கோலைக் காப்பாற்ற வழி உண்டா?

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து நட்ட குறுவை, செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். எந்த மெஷினும் இதில் முழுசாகக் காப்பாற்றாது. மழைக்கு முந்தி ஒரு நல்ல பகல் கிடைத்தால் காலையில் பரப்பி, மதியம் புரட்டி, நாலு மணிக்குள் வாரிக் கட்டிவிட வேண்டும். ரேக்கின் அருமை தெரிகிற நாள் அதுதான்.

அது முடியாமல் நனைந்துவிட்டால், அழுகத் தொடங்கும் முன் யூரியா ஊட்டம் ஏற்றலாம். 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, தார்ப்பாய் போட்டுக் காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைப்பது வழக்கம். வைக்கோல் ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும், யூரியாவின் அளவை ஏற்றவே கூடாது. வெளிவரும் அம்மோனியா பூஞ்சணத்தை அடக்கும், புரதச் சத்தும் கூடும். போடுவதற்கு முன் பிரித்து ஆற விடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது. முதல் முறை செய்பவர்கள் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

உருளைக் கட்டா, சதுரக் கட்டா?

லாரியில் தூரம் போக வேண்டுமானால் சதுரம், இடுக்கில்லாமல் அடுக்கலாம். பக்கத்தில் விற்க, வீட்டில் வைக்க உருளை போதும். இங்கே ஓடுகிற சின்ன ரவுண்டு பேலர் இரண்டடி குறுக்களவு, மூன்றடி நீளத்தில், சுமார் 15 முதல் 25 கிலோ எடையில் கட்டுகிறது. ஒரு ஆள் தூக்கிவிடலாம். முடிச்சுப் போடும் பகுதி இல்லாததால் மெஷினும் எளிமை. கட்டும் நூல் பிளாஸ்டிக் என்றால் மாட்டுக்குப் போடும் முன் உருவி எடுத்துவிடுங்கள். அது வயிற்றில் சேர்ந்தால் வெளியே வராது.

எத்தனை ஹெச்.பி. டிராக்டர் வேண்டும்?

சின்ன ரவுண்டு பேலருக்கு 35-லிருந்து 45. சதுரத்துக்கு 45-க்கு மேல். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட வேண்டும். ரேக்குக்கு வீட்டில் இருக்கிற எந்த டிராக்டரும் போதும்.

சொந்தமாக வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

ஒரு வேலிக்குள் (சுமார் ஆறரை ஏக்கர்) நிலம் இருப்பவர் பேலர் வாங்கக் கூடாது. அது வருஷத்தில் சில வாரம்தான் ஓடும், மீதி நாள் துருப்பிடிக்கும். வாங்கினால் ஊருக்கு ஓட்டுகிற எண்ணத்தோடு வாங்க வேண்டும். ரேக்கை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம் என்றுதான் நான் சொல்வேன். பேலர்காரர் ஊருக்கு வருவதற்குள் உங்கள் வைக்கோல் வாரித் தயாராக இருந்தால் அவர் முதலில் உங்கள் வயலுக்குத்தான் வருவார், அவருக்கு டீசல் மிச்சம்.

மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறையைப் பாருங்கள். வேளாண் இயந்திரமயமாக்கும் துணை இயக்கத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், மெஷினுக்கு மெஷின் உச்சவரம்போடு கொடுக்கிறார்கள். விண்ணப்பம் உழவன் செயலி வழியாகவும் போடலாம். துறையின் வாடகை மெஷின்களுக்கும் அதிலேயே பதியலாம், ஆனால் அறுவடை உச்சத்தில் எல்லோரும் பதிவார்கள். பொங்கலுக்கு முந்தியே கேட்டு வையுங்கள்.

விபத்து எங்கே நடக்கிறது?

பேலர் அடைத்துக்கொண்ட இடத்தில். டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை விட்டு இழுப்பார்கள். அடைப்பு விட்டதும் வைக்கோலோடு கையும் உள்ளே போகும். பி.டி.ஓ.வை நிறுத்தி, இஞ்சினையும் அணைத்து, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். பி.டி.ஓ. தண்டுக்கு உறை இல்லாத மெஷினை வயலில் இறக்காதீர்கள். வேட்டி முனை, துண்டு, புடவைத் தலைப்பு, எது சிக்கினாலும் ஆளையே சுற்றிவிடும்.

அடுத்தது லாரி. வைக்கோலை உயரமாக ஏற்றி, ஊர்த் தெருவில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசி எரிந்த வண்டிகள் எத்தனையோ. ஏற்றும் முன் போகிற வழியில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். கட்டைப் புரட்டும்போது அடியில் பாம்பு இருக்கும், முதலில் காலால் உருட்டிவிட்டுப் பிறகு கை வையுங்கள்.

கட்டுகளை எங்கே, எப்படி அடுக்குவது?

மேட்டில். அடியில் பனைவாரையோ சவுக்குக் கட்டையோ போட்டு, தரைக்கும் கட்டுக்கும் நடுவே ஒரு சாண் காற்று விடுங்கள். கட்டிய அன்றே இறுக்கி அடுக்காமல், மூன்று நாலு நாள் தனித்தனியாக நிறுத்தி ஆற விட்டு அடுக்குவது நல்லது. தார்ப்பாயை மேலே மட்டும் போடுங்கள்; பக்கவாட்டையும் சுற்றி மூடினால் உள்ளே வேர்த்து, மேல் வரிசை முதலில் கெடும். மாட்டுக் கொட்டகையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, கார்த்திகையில் காற்று மழை ஓய்ந்ததும் ஒருமுறை, அடுக்கின் நடுவில் கையை விட்டுச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள்.